செயலாளரின் பாதி மீசை

கொச்சி மட்டாஞ்சேரியில் பெட்டி ஆட்டோ ஓட்டும் முத்துராமலிங்கத்துக்குப் போன மாதம் வரை தெய்வம் ஒரு சினிமா நடிகர். கொச்சங்காடிக் கிடங்குகளில் மிளகு மூட்டை ஏற்றிப் போகும் வண்டியின் முதுகில் அவர்தான் சிரித்துக்கொண்டிருந்தார். கால்பந்து உலகக் கோப்பை வந்ததும் நடிகரைச் சுரண்டி எடுத்துவிட்டு, அதே இடத்தில் ஒரு பத்தாம் நம்பர் பந்துக்காரரை ஒட்டினார். எந்த நாட்டுக்காரர் என்று எழுதினால் பாதி ஊர் சண்டைக்கு வரும், விடுங்கள்.

மற்றபடி எதுவும் மாறவில்லை. அதே ரசிகர் மன்றம், அதே செயலாளர் முத்துராமலிங்கம், அதே மூங்கில், அதே ஃபிளெக்ஸ் கடை. மலையாளத்துப் பையன்கள் கட்டவுட்டை நட்டுவிட்டுச் சாயா குடிக்கப் போனார்கள். நம் செயலாளருக்கு அது போதுமா? ஏணி போட்டு ஏறி, கொட்டுகிற மழையில் பாலாபிஷேகம் செய்தார். எதற்கு நனைகிறோம் என்றே தெரியாமல் அந்த வெளிநாட்டு மகராசன் நனைந்தார்.

டிவிக்காரர்கள் மட்டும் சளைத்தவர்களா? அவர் முடியை எப்படி வெட்டினார், பொண்டாட்டி என்ன பை மாட்டியிருந்தாள், வீட்டு நாய்க்கு என்ன பேர் என்பதையெல்லாம் விலாவாரியாகச் சொல்லிவிட்டு, விளம்பரத்துக்கு முந்தி போனால் போகிறதென்று யார் ஜெயித்தார்கள் என்பார்கள். முத்துராமலிங்கத்துக்கு அத்தனையும் மனப்பாடம்.

"சினிமா மாதிரி கிசுகிசு இல்ல வசந்தி இது. வெளையாட்டு. அறிவு வேணும்" என்றார் மனைவியிடம்.

"ஆமா, நாய் பேரு வரைக்கும் தெரிஞ்சு வச்சிருக்கியளே, அறிவு இல்லாமலா? உங்க மகளும் அந்தப் பந்தைத்தான் வெளையாடுதா. அவ எங்கன நிக்கான்னு சொல்லுங்க பாப்போம்."

"முன்னாடி நின்னு கோல் அடிக்கா. வேறென்ன?"

மகள் ஜிஷா கோல்கீப்பர்.

அவள் பள்ளி அணி மாவட்ட ஃபைனலுக்கு வந்திருந்தது. ஆட்டத்தைக் களி என்றே சொல்லிப் பழகிய மலையாளத்துப் பள்ளிப் பிள்ளை கேட்டது ஒன்றே ஒன்று. "ஒரு களி கூட நீங்க வந்து காணலையே அப்பா. சனிக்கிழமை மட்டும் வாங்க." பார்க்கலாம் தாயி என்றார். பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்கும் தெரியும்.

இதற்கிடையில் எதிர்க்கோஷ்டித் தலைவர், சாயாக்கடை அனில் சேட்டனோடு பந்தயம். யாருடைய அணி தோற்கிறதோ அவருக்குப் பாதி மீசை போகும். தோற்றது பத்தாம் நம்பர். கோவில்பட்டியிலிருந்து கொண்டுவந்து பேணி வளர்த்த மீசையில் இடது பாதியை நடுச்சந்தியில் வைத்து மழித்தார்கள். வீடியோ பரவியது. மறுநாளே ரதீஷ் என்ற டிவி நிருபர் பேட்டிக்குக் கூப்பிட்டார்.

"சனிக்கிழமை பரேடு கிரவுண்டுக்கு வாங்க சார்!" என்றார் முத்துராமலிங்கம். மகளின் ஃபைனல் நடப்பதும் அங்கேதான்; ஒரே கல்லில் இரண்டு மாங்காய். அப்பா வருகிறார் என்றதும் ஜிஷாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. கையுறையைத் துவைத்து ஃபேனுக்கு அடியில் காயப்போட்டாள்.

சொன்னபடி வந்துவிட்டார், குறை சொல்லக்கூடாது. ரதீஷ் அவரை மகள் காக்கிற கோலுக்குப் பின்னாலேயே நிறுத்தினார். "சேட்டா, கேமராவை நோக்கி நில்லுங்க. பின்னாடி களி நடக்கட்டும்." முகம் கேமராவுக்கு, முதுகு மகளுக்கு. தோல்வியை எப்படித் தாங்குகிறீர்கள் என்று கேட்டதும் செயலாளர் அழ ஆரம்பித்தார். நடிகரின் படங்கள் ஊத்திக்கொண்டபோதெல்லாம் அழுது பழகிய கண்ணல்லவா, சொன்னபடி கேட்டது.

நடுவில் விசில் ஊதினார்கள். அப்புறம் ஒரே கூச்சல்.

"என்னாச்சு சார்?"

"ஒண்ணுமில்ல சேட்டா, ஏதோ பெனால்டி. நீங்க அழுங்க."

அழுது முடித்துத் திரும்பினால் ஆட்டம் முடிந்து, பெண் பிள்ளைகள் ஜிஷாவைத் தோளில் தூக்கி வைத்திருந்தார்கள். அவள் தடுத்த அந்தப் பந்தால்தான் கோப்பை.

"அப்பா, கண்டீங்களா?"

"காணாம? சூப்பர் தாயி!"

வீட்டுக்கு வரும் வழியில், வண்டியில் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தவள் மெல்லக் கேட்டாள். "எந்த சைடு சாடித் தடுத்தேன், சொல்லுங்க?"

"வலது பக்கம்."

ஜிஷா ரோட்டைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள். சரியா தப்பா என்று சொல்லவில்லை. அடப்பாவி மனுசா, முதுகுக்குப் பின்னால் நடந்ததை எந்தச் சாமியிடம் போய்க் கேட்பாய்?

சாயங்காலம் அனில் சேட்டன் கடை டிவியில் பேட்டி வந்தது. கடையே சிரித்தது. முத்துராமலிங்கம் பாதி மீசையைப் பார்க்கவில்லை. தன் காதுக்குப் பின்னால் தெரிந்த கோலையே பார்த்தார். அங்கே மகள் கையை விரித்து நிற்கிறாள். எதிரில் ஒருத்தி ஓடி வருகிறாள். உதைக்கிறாள். அந்த நேரம் பார்த்துத் திரையில் இருந்தவர் துக்கம் தாங்காமல் தலையை ஆட்டினார். பந்து, கோல், பிள்ளை எல்லாம் அந்தப் பெரிய தலைக்குப் பின்னால் போய்விட்டன.

"தள்ளுடா சனியனே!" என்று டிவியைப் பார்த்துக் கத்தினார்.

"ஆரைச் சேட்டா திட்டறீங்க?" என்றார் அனில்.

"மறுபடி போடுவாங்களா?"

"பின்னே? இதல்லே இன்னைக்கு நியூஸு!"

போட்டார்கள். கடை அடைக்கிறவரை போட்டார்கள். ஒவ்வொரு தடவையும் அவர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்து சாய்ந்து பார்த்தார். திரையில் இருந்தவர் நகரவே இல்லை.