ரேடியேட்டருக்குப் போட்ட மஞ்சள்

கனடாவில் யாரும் காருக்குத் தண்ணீர் ஊற்றுவதில்லை. கூலன்ட் என்று பச்சை நிறத்தில் ஒரு திரவம் விற்கிறார்கள். அது என்ஜினைக் கோடையில் கொதிக்கவும் விடாது, பனியில் உறையவும் விடாது. நானோ இலங்கை மலையகத்தான். டிக்கியில் தண்ணீர்க் கேன் இல்லாமல் வண்டி எடுக்க எனக்குக் கை வராது. மார்கழி வந்தால் கேன் கல்லாக இறுகிவிடும். மாலையில் வீட்டுக்குள் தூக்கிவந்து இளகவிட்டு, காலையில் மறுபடி டிக்கியில் வைப்பேன். "அப்பா, உங்களுக்குப் பைத்தியம்" என்பாள் மகள். பைத்தியம்தான், இருந்துவிட்டுப் போகட்டும்.

போன மாதம் ரேடியேட்டர் சொட்டத் தொடங்கியது. கராஜுக்கு எதற்கு என்று ஊர் வைத்தியம் செய்தேன். என்ஜின் ஆறியதும் மூடியைத் திறந்து இரண்டு கரண்டி மஞ்சள்தூள் போட்டேன். சொட்டு நின்றது. அடடா, நானும் ஒரு மெக்கானிக்தான் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். சில நாட்களில் நெடுஞ்சாலை ஏற்றத்தில் சூடு காட்டும் ஊசி சிவப்பைத் தொட்டு, கார் ஆவி கக்கிக்கொண்டு நின்றது. அந்த ஆவி வாசம் மூக்கில் ஏறியதும் ஊர் லொறிதான் கண்முன் வந்து நின்றது.

வட்டகொடைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒரே ஒரு லொறி. கொழுந்துக்கும் அதுதான், நோயாளிக்கும் அதுதான். ரேடியேட்டர் ஒழுகுகிறது, மாற்றித் தாருங்கள் என்று டிரைவர் முத்தையா அண்ணன் தோட்டத்தை நடத்தும் துரையிடம் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். துரையின் ஜீப்புக்கு எல்லாம் புதுசு, லொறிக்கு மஞ்சள். எங்கள் லயத்து வரிசை வீடுகள் ரோட்டோரம் என்பதால் அண்ணன் வந்து நிற்பது எங்கள் காம்பிரா வாசலில்தான். "தங்கச்சி, லொறிக்கு மறுபடி காய்ச்சல். கொஞ்சம் மஞ்சத்தூள் குடும்மா." என் மனைவி செல்வி சிரித்துக்கொண்டே அள்ளிக் கொடுப்பாள். "எங்கள விட ஒங்க லொறிதாண்ணே நல்லாத் திங்குது!"

மகள் பிறந்த காலையில் செல்விக்கு இரத்தம் நிற்கவில்லை. "ஒடனே நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்றார் மருத்துவச்சி. சாக்கு விரித்து அவளையும் பிள்ளையையும் லொறியில் படுக்கவைத்தோம். பாரத்தோடு இறங்கியே பழகிய லொறி, பாதி ஏற்றத்தில் கொதித்து நின்றது. பாதையோரப் பீலியில் கொட்டிய ஊற்றுத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தேன். முத்தையா அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம் தம்பி. இப்ப ஊத்துனா என்ஜின் வெடிச்சிரும். அப்புறம் ஒரு அடி நகராது. கொஞ்சம் ஆறட்டும்."

"அதுவரைக்கும் இவ தாங்குவாளாண்ணே!" என்று கத்தினேன். வேறு வண்டி ஒன்றும் வரவில்லை. செல்வி கண்ணைத் திறந்து, "புள்ளைக்குக் குளிரும், மூடுங்க" என்றாள். அதற்குப் பிறகு பேசவில்லை. லொறி மறுபடி கிளம்பியபோது அவள் இல்லை. தண்ணீர் ஊற்றவிடாத அந்த மனிதரைச் சபித்துக்கொண்டேதான் பிள்ளையோடு கடல் கடந்தேன்.

இங்கே கராஜில் மெக்கானிக் என் ரேடியேட்டரை அறுத்துக் காட்டினார். மெல்லிய குழாய்கள் எல்லாம் மஞ்சள் சேறு. "இது ஓட்டையை மட்டுமா அடைக்கும்? தண்ணீர் ஓடும் வழியையும் அடைக்கும். போடப் போட அடைப்பு கூடும். ஏற்றத்தில் கொதிக்காமல் என்ன செய்யும்?" என்றார். நான் அந்தச் சேற்றை விரலால் தொட்டுப் பார்த்தேன். செல்வி அள்ளி அள்ளிக் கொடுத்த அதே மஞ்சள். பாவி, ஒரு ரேடியேட்டர் மாற்றித் தராத அந்தத் துரை நன்றாக இருப்பானா?

"யார் சொல்லித் தந்த வைத்தியம் இது?" என்று கேட்டார்.

"மை வைஃப்." வாயில் அதுதான் வந்தது.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "மஞ்சளைக் கறிக்கு மட்டும் போடச் சொல்லுங்கள்!"

"சொல்கிறேன்" என்றேன்.

புது ரேடியேட்டரோடு மகள்தான் காரை ஓட்டிவந்தாள். லைசென்ஸ் எடுத்த புதுசு. ஊசி நடுவில் அசையாமல் நின்றது. என்ஜினின் சூடுதான் இங்கே ஹீட்டராகிப் பிள்ளைகளின் குளிரைப் போக்குகிறது. சிவப்பு விளக்கில் நின்றபோது அவளுடைய ஜாக்கெட்டைக் கழுத்துவரை இழுத்து மூடினேன்.

"எனக்குக் குளிரலப்பா" என்றாள்.

பின்னால் டிக்கியில் தண்ணீர் உறைந்துகொண்டிருந்தது.