விஜயதசமி காலையின் இரண்டு எண்கள்

உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் என் அக்கா ஒரு சேவை மையம் நடத்துகிறாள். கொள்முதல் நிலையத்தில் நெல் போடுவதற்குப் பதிவு செய்ய, சுற்றுக் கிராமத்து விவசாயிகள் அவளிடம்தான் வருவார்கள். ஒவ்வொரு போகத்துக்கும் அவர்கள் காகிதங்களைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம் என்று ஆதார், சிட்டா, வங்கிப் பாஸ்புக் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, ஊர்வாரியாக அகர வரிசையில் கணினியிலேயே வைத்திருந்தாள். பதிவின்போது ஓடிபி தேவைப்பட்டால் போனில் கூப்பிடுவாள். களத்தில் நின்றபடியே படித்துச் சொல்லிவிடுவார்கள்.

நான் தினமும் குறிப்பு எழுதுகிறவன். மழை, ஏரி மதகில் நீர் எந்தக் கல்வரை நிற்கிறது, ஊரில் யார் இறந்தார்கள், இவ்வளவுதான். ஆனி மாதம் மையத்தில் இணையம் அடிக்கடி அறுந்தது. இணைப்புக்காரரிடம் காட்ட ஆதாரம் வேண்டுமே என்று இன்னொரு பத்தியும் சேர்த்துக்கொண்டேன். கடை சாத்துமுன் கணினியின் கறுப்புத் திரையில் நெட்ஸ்டாட் என்று தட்டி, ஒரு கோடு போட்டு ஈ எழுத்தைச் சேர்த்தால், கணினியை இயக்கிய நேரத்திலிருந்து உள்ளே வந்தது எவ்வளவு, வெளியே போனது எவ்வளவு என்று இரண்டு எண்கள் வரும். நான் எழுதிவைத்த எந்த நாளிலும் வந்ததுதான் பெரியது.

போன புரட்டாசி பதினைந்து, புதன், சரஸ்வதி பூஜை. விசைப்பலகைக்குச் சந்தனம் வைத்து, பிரிண்டருக்குக் குங்குமம் இட்டு, திரையில் சரஸ்வதி படம் தெரியும்படி கணினியை ஓடவிட்டிருந்தாள் அக்கா. பொரியும் கடலையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மோடத்தைப் பார்த்தேன். யாரும் வேலை செய்யாத நேரத்தில் அதன் பச்சை விளக்கு எப்போதாவதுதான் துடிக்கும். அன்று நிற்காமல் துடித்தது. ஒரு நிமிடம் பார்த்துவிடுகிறேன் என்று எழுந்தேன்.

"பூஜைல வெச்சிகீது. நாளைக்கு சாமிய எடுத்தப்புறம் தொடு."

"லைட்டு ஒரு மாதிரி கீது, அக்கா."

"அதையும் உன் நோட்டுல எழுதிக்கோ."

எழுதிக்கொண்டேன். மாலை நாலு பத்து, மோடம் விளக்கு ஓயாமல் துடிக்கிறது. பிறகு கணினியை அணைக்காமலே ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போனோம்.

மறுநாள் எட்டு மணிக்குள் கற்பூரம் காட்டி முடித்தாள். முதலில் நான்தான் விசைப்பலகையைத் தொட்டேன். விரலில் குங்குமம் ஒட்டியது. இரண்டு எண்கள் வந்தன. போனது பெரியதாக இருந்தது. சற்றுக் கூடுதல் என்று சொல்லிச் சமாதானம் ஆக முடியாது. வந்ததைப் போலப் பல மடங்கு. பதறி, நடப்பில் உள்ள இணைப்புகளின் பட்டியலை வரவழைத்தேன். பல வரிகள் முடிந்துபோனவை. ஒன்று மட்டும் எஸ்டாப்ளிஷ்டு என்று உயிரோடு நின்றது. எதிர்முனை நான் அறியாத முகவரி. வரிக் கடைசியில் இருந்த எண்ணை வைத்து, இணைப்பைப் பிடித்திருக்கும் நிரல் எது என்று தேடினேன். தொலைவிலிருந்து கணினியை இயக்கும் நிரல் அது.

அக்கா எட்டிப் பார்த்தாள். குரலில் பதற்றமே இல்லை.

"அது பிரிண்டர்காரன் போட்டதுடா. ஆடில ரிப்பேர் ஆச்சே, அப்போ. நல்ல பையன். அப்பப்ப அவனே உள்ள வந்து பாத்துக்கினு போவான்."

அந்தப் பிரிண்டர்காரனின் எண்ணை எங்கே பிடித்தாய் என்று கேட்டேன். நெட்டில் தேடி எடுத்தாளாம். ஆளை நேரில் பார்த்ததில்லை. சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கே விளங்கிவிட்டது. குனிந்து மோடத்தின் ஒயரைப் பிடுங்கினாள். பச்சை விளக்கு அணைந்தது. மறுபடி வரவழைத்த பட்டியலில் அந்த வரி இல்லை. போனதாகக் காட்டிய எண் மட்டும் குறையவில்லை.

அப்போது வாசலில் ஒரு பெரியவர் வண்டியை நிறுத்தினார். அகர வரிசையில் முதலில் வரும் ஊர்க்காரர். கையில் பொரிப் பை. விஜயதசமிக்குப் பேரனைப் பள்ளியில் சேர்த்துவிட்டு வருவதாகச் சொன்னார். பிறகு போனை நீட்டினார்.

"இன்னா பாப்பா, காலங்காத்தால ஓடிபி நம்பர் கேட்டுகீற? இப்ப பதிவே இல்லியே."

"நான் கேக்கலியே, நைனா."

"உங்க சென்டர்லேந்துதான் பேசறேன்னான். பட்டா நம்பர்லாம் கரெக்டா சொன்னான். நீ வெச்ச ஆளுன்னு நெனச்சி சொல்லிட்டேன்."

 அக்கா அவரை உட்காரவைத்து, உடனே வங்கிக்குப் போன் போடச் சொன்னாள். பூஜையில் வைத்திருந்த, ஊர்வாரியாகப் பெயரும் போன் எண்ணும் எழுதிய பதிவேட்டைச் சந்தனத்தோடு எடுத்துப் பிரித்தாள். முதல் ஊரில் இன்னும் பதினோரு பேர். அடுத்த பெயருக்கு அழைத்தாள். எடுத்ததும், யார் கேட்டாலும் ஓடிபியைச் சொல்லாதீர்கள் என்றாள். அதற்கு அடுத்தவரும் எடுத்தார். அவரிடமும் அதையே சொன்னாள்.

நான்காவது ஆளுக்கு அழைத்தபோது, அவள் காதோடு ஒட்டியிருந்த போனிலிருந்து எனக்கும் கேட்டது. அவர் வேறொரு அழைப்பில் இருக்கிறாராம்.