கஷ்டமான இடத்தில் வேகமெடுக்கும் பெட்டி

மீட்டர் வேகமாக ஓடுகிறது என்று புகார் கொடுப்பவர்களின் வீடுகளுக்குப் போய்ச் சோதிப்பதுதான் அவர் வேலை. மின்சார அலுவலகத்தில் அதற்கென்று நீளமாக ஒரு பதவிப் பெயர் உண்டு. அதை யாரும் சொல்வதில்லை; மீட்டர்காரர் என்றால்தான் தெரியும். தோல் பையிலிருந்து செக் மீட்டரை எடுப்பார், வீட்டு மீட்டரோடு சேர்த்து இணைப்பார், இரண்டும் ஒன்றாக ஓடுகின்றனவா என்று கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பார். பெரும்பாலும் ஒன்றாகத்தான் ஓடும். அப்போது அவர் சொல்லும் வாக்கியம் அலுவலகம் முழுக்கப் பிரபலம்: "மீட்டர் சரியாத்தான் ஓடுதுங்க. வீடுதான் வேகமா ஓடுது."

இப்படி ஒரு வேலையைக் காலமெல்லாம் பார்த்தால் மனிதன் என்ன ஆவான்? எதையும் நம்பாதவன் ஆவான். வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்றால் இரண்டு தெர்மாமீட்டர் வைத்துப் பார்ப்பார். இரண்டும் ஒரே அளவைக் காட்டினால், இரண்டையும் ஒரே கடையில் வாங்கியது தப்போ என்று யோசிப்பார். "நான் சிரிச்சாக்கூட எதுக்குச் சிரிச்சேன்னு செக் பண்ணாம விடமாட்டாரு" என்று அவர் மனைவி சொல்வாள். அதுவும் சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். அவர் அதையும் கவனித்து வைத்திருந்தார்.

கிடாரை அவர் தானாகக் கற்றுக்கொண்டதற்கும் இந்தக் குணம்தான் காரணம். வாத்தியார் என்று ஒருவரிடம் போனால், அடுத்த மாதமும் வரவைக்க வேண்டுமே என்று மெதுவாகத்தான் சொல்லித்தருவார் என்பது அவர் கணிப்பு. ஆகவே கைபேசியில் வீடியோ பார்த்து விரலைத் தேய்த்துக் கற்றார். ஆரம்பத்தில் நன்றாகவே வந்தது. விரல் நுனிகள் காய்த்தன, பல கம்பிகளைச் சேர்த்து அழுத்தும் கார்டுகள் ஒவ்வொன்றாகக் கைக்குள் வந்தன. மனைவி பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த மேடையிலிருந்து எப்போது புறப்படும் என்று ஒலிபெருக்கியில் சொல்கிறவள். நல்ல குரல். வேலை முடிந்து வந்ததும் ஜன்னலோரப் பிரம்பு நாற்காலியில் உட்காருவாள்; இருவருக்கும் கல்யாணத்துக்கு முன்பிருந்தே பிடித்த பழைய பாட்டு ஒன்று உண்டு, அதை அவள் பாட, அவர் வாசிப்பார். நாளெல்லாம் மற்றவர்களின் சந்தேகத்தைச் சுமந்துவிட்டு வரும் மனிதருக்கு அந்தக் கொஞ்ச நேரம்தான் நிம்மதி.

பிறகு எல்லாம் அப்படியே நின்றுவிட்டது. இரண்டாவது சரணத்தின் நடுவில் ஒரு கார்டு வரும். ஒற்றை விரலைப் படுக்கப்போட்டு எல்லாக் கம்பிகளையும் அழுத்த வேண்டும். அந்த இடத்தில் எத்தனை காலம் முட்டினாலும் கை முன்னே போகவில்லை. போன வருடம் எப்படி வாசித்தாரோ இந்த வருடமும் அப்படியே. அதோடு மனைவி பாடுவதையும் நிறுத்திவிட்டாள். கேட்டால், "தொண்டை சரியில்லைங்க" என்றாள். காலையிலிருந்து ஊருக்கே அறிவிப்புச் சொல்லும் தொண்டை சாயங்காலம் பாட்டுக்கு மட்டும் கட்டிக்கொள்ளுமா? மீட்டர்காரருக்கு இது பொறுக்கவில்லை. நாம் முன்னேறாததால்தான் சலித்துப்போய் ஒதுங்கிவிட்டாள் என்று முடிவு கட்டினார். அந்த ஒரு இடத்தைத் தாண்டிவிட்டால் அவள் மறுபடி பிரம்பு நாற்காலியில் வந்து உட்காருவாள். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்; மேடையும் கைதட்டலும் யாருக்கு வேண்டும்?

ஆக, விசாரணை ஆரம்பமானது. முதல் சந்தேகம் கம்பிகள் மேல். கடைக்காரர் பழையதைத் துடைத்துப் புது உறையில் போட்டுத் தந்திருப்பார் என்று. வேறு கடையில் வாங்கி மாட்டினார். அதே இடம், அதே முட்டல். அடுத்து கிடாரின் கழுத்து வளைந்திருக்குமோ என்று இரும்பு ஸ்கேலை வைத்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். நேராகத்தான் இருந்தது. மனைவி தூசி தட்டும்போது கம்பிகளை இறுக்கும் முறுக்காணிகளைத் திருகிவிடுகிறாளோ என்று அவற்றின் மேல் பென்சிலால் கோடு போட்டு வைத்தார். கோடு வைத்த இடத்திலேயே இருந்தது, மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதுதான் மிச்சம். கடைசியில் வீடியோ வாத்தியார்களின் மேல் பாய்ந்தார். சரியாக அந்த விரல் மாறும் இடத்தில் காமிரா ஏன் அவர்கள் முகத்துக்குப் போகிறது? ஏதோ ஒரு சூட்சுமத்தை மறைக்கிறார்கள், பயல்கள்!

இந்த லட்சணத்தில், ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மனைவி, "மேல்வீட்டு மருந்துக்கடை அக்காவுக்கு முட்டி வலி, எக்சர்சைஸ் பண்ணக் கூட இருந்துட்டு வரேன்" என்று மாடிக்குப் போனாள். போன சனிக்கிழமையும் இதே முட்டிதான். மீட்டர்காரர் சத்தமில்லாமல் படியேறினார். மருந்துக்கடை அக்கா வீட்டில் ஒரு கீபோர்டு இருப்பது அவருக்குத் தெரியும். இப்போது உள்ளே அது தானாகத் தட்டும் தாளம் கேட்டது. அதன் மேல் மனைவியின் குரல். அதே பாட்டு. இரண்டாவது சரணம் வந்தது. எங்கும் முட்டாமல், தண்ணீர் மாதிரி போய்விட்டது. தொண்டை பளிங்காக இருந்தது.

அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கோபம் வந்திருந்தால் கதவைத் தட்டியிருப்பார். வந்தது கோபம் இல்லை. சின்னப் பிள்ளையை விளையாட்டில் சேர்த்துக்கொள்ளாதபோது வருமே, அது. கீழே வந்து, அவள் திரும்பி வந்ததும், "முட்டி எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டார். "பரவாயில்லை" என்றாள்.

மறுநாள் டிக்டிக் பெட்டி ஒன்றை வாங்கிவந்தார். சொன்ன வேகத்தில் மாறாமல் டிக், டிக் என்று அடித்துக்கொண்டே இருக்கும் சின்னப் பெட்டி; பாட்டுப் பழகுகிறவர்கள் பக்கத்தில் வைத்துக்கொள்வது. அதைப் போட்டுவிட்டு வாசித்தார். முதல் சரணம் ஒன்றாகப் போனது. இரண்டாவது சரணத்தில் அந்த இடம் வந்ததும் பெட்டி அவரை விட்டுவிட்டு ஓடியது. மறுபடி வாசித்தார். மறுபடி ஓடியது.

"இது கோளாறு பெட்டி" என்றார் மனைவியிடம். "சாதாரண இடத்துல ஒழுங்கா அடிக்குது. கஷ்டமான இடம் வந்தா வேகமெடுக்குது."

மனைவி துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். ஒரு கணம் அவரையே பார்த்தாள். "பெட்டிக்கு எப்படிங்க தெரியும், உங்களுக்கு எது கஷ்டமான இடம்னு?"

இப்படி ஒரு கேள்விக்காகச் சந்தேகத்தை விட்டுவிடுகிறவரா அவர்? பெட்டியைத் தோல் பையில் போட்டு அலுவலகத்துக்கே எடுத்துப்போனார். மீட்டர்களைச் சோதிக்கும் மேஜையில் வைத்து, சோதனைக் கடிகாரத்தோடு ஓடவிட்டார். சீல் வைக்கும் சகா வந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன இது?"

"வேகமா ஓடுது."

சகா கொஞ்ச நேரம் நின்று கேட்டார். கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு, மீட்டர்காரரின் அதே குரலில், "பெட்டி சரியாத்தான் ஓடுதுங்க" என்றார். அறையே சிரித்தது. மீட்டர்காரர் பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு புகார் ஒன்றுக்குக் கிளம்பிவிட்டார்.

அன்றைய புகார் ஒரு தையல்காரம்மாவுடையது. செக் மீட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தம்மா பக்கத்திலேயே நின்று, "நான் எப்பவும் போலத்தாங்க இருக்கேன், மீட்டர்தான் மாறிப்போச்சு" என்றார். பேசிக்கொண்டே அயர்ன் பெட்டியைப் போட்டுவிட்டு மறந்துபோய் உள்ளே போனார், வந்தார், மறுபடி போனார். அயர்ன் பெட்டி சும்மாவே கொதித்துக்கொண்டிருந்தது. இரண்டு மீட்டர்களும் ஒன்றாக ஓடின. மீட்டர்காரர் வழக்கமான வாக்கியத்துக்கு வாயைத் திறந்தார், வரவில்லை. "அயர்ன் பெட்டிய அணைச்சுட்டுப் போங்கம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார். எப்பவும் போலத்தான் இருக்கிறேன் என்ற சொல் வழியெல்லாம் அவரை உறுத்தியது.

வீட்டுக்கு வந்து கொஞ்ச நேரம் வாசித்திருப்பார், கதவு தட்டப்பட்டது. கீழ்வீட்டுக்காரர். பல்செட் செய்கிறவர், வீட்டிலேயே பட்டறை. வாசிப்புச் சத்தம் பற்றி இவர்தான் எங்கோ வத்திவைக்கிறார் என்று மீட்டர்காரருக்கு நெடுநாள் சந்தேகம்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க" என்றார் பல்செட்காரர். "கிடார் சத்தம் எனக்குக் கேக்கிறதே இல்ல. உங்க கால்தான் கேக்குது."

"தாளம் போட வேண்டாமா?"

"தாளமா இருந்தா பரவாயில்லையே சார். நல்லாத் தட்டிக்கிட்டே வரீங்க, ஒரு இடத்துல நின்னுடுறீங்க. நான் கையில பல்லை வச்சுக்கிட்டு மேல பாத்துட்டே உக்காந்திருக்கேன், அடுத்தது எப்ப விழும்னு. அது விழுந்தாத்தான் எனக்கு வேலையே ஓடுது."

"எந்த இடத்துல நிக்குது?"

பல்செட்காரர் கதவு நிலையில் விரலால் தட்டிக் காட்டினார். சீராகத் தட்டி வந்து, நிறுத்தி, காத்திருந்து, மறுபடி தட்டினார். அந்தப் பாட்டை அவர் கேட்டதே இல்லை. ஆனாலும் மீட்டர்காரருக்கு எந்த வரி என்று சந்தேகமே வரவில்லை.

பல்செட்காரர் போனதும் டிக்டிக்கைப் போட்டுவிட்டு வாசித்தார். இத்தனை காலமும் விரல்களையே கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தவர், முதல் முறையாகக் காலைப் பார்த்தார். சரணம் வந்தது, அந்த வரி வந்தது, விரல் தடுமாறியது. கால் அந்தரத்தில் நின்றது. விரல் போய் அமரும்வரை மரியாதையாகக் காத்திருந்துவிட்டுப் பிறகு இறங்கியது. கையும் களவுமாகப் பிடித்துவிட்டார். இவ்வளவு நாளும் செக் மீட்டர் என்று நம்பியது இந்தக் காலைத்தான். சோதிக்கிற செக் மீட்டரை, சோதிக்கப்படும் வீடே ஓட்டிக்கொண்டிருந்தால் எந்தத் தப்புதான் தெரியும்?

மனைவி வாசற்படியில் நின்றிருந்தாள்.

"உனக்கு இது தெரியுமா?" என்றார்.

"தெரியாம என்ன?"

"அப்புறம் ஏன் சொல்லல?"

"சொன்னா நம்பியிருப்பீங்களா? ஒரு டிக்டிக்கையே ஆபீஸ் வரைக்கும் தூக்கிட்டுப் போனீங்க." அவள் பிரம்பு நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள், உட்காரவில்லை. "என் தொண்டைக்கு ஒண்ணும் இல்லைங்க. அந்த இடம் வர்றப்ப எல்லாம், நீங்க வந்து சேர்ற வரைக்கும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிப்பேன். அது எவ்வளவு நீள வரின்னு உங்களுக்கே தெரியும். நான் முந்திப் போனா உங்க முகம் சுருங்கிடும். பாட்டு முடியறப்ப தலை சுத்தும். அதான் விட்டுட்டேன். மேல அக்கா வீட்டுக் கீபோர்டு யாருக்கும் நிக்காது. நல்லா மூச்சு விட்டுப் பாடினேன். உங்க கிட்டப் பொய் சொன்னது தப்புதான்."

மீட்டர்காரருக்கு அழுகை வந்தது. ஊரையெல்லாம் சந்தேகப்பட்டாயிற்று, கம்பியை, கடைக்காரரை, காமிராவை, கடைசியில் இவளை. இவளோ பக்கத்தில் உட்கார்ந்து அவருக்காக மூச்சடக்கிக்கொண்டு இருந்திருக்கிறாள். வெட்கத்தில் அவருக்குக் காது சுட்டது.

அதன்பிறகு கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துதான் வாசித்தார். கால் இரண்டும் மடியிலேயே சிறை. டிக்டிக்கை இருப்பதிலேயே மெதுவான வேகத்தில் வைத்தார். அந்த இடத்தில் விரல் வந்தால் வரட்டும், வராவிட்டால் வாசிக்காமல் விட்டுவிட்டு அடுத்த டிக்கில் போய்ச் சேர்ந்துகொள்வது என்று வைத்துக்கொண்டார். கேட்கச் சுலபம். தப்பு ஒன்றைக் கண்ணெதிரே பார்த்துக்கொண்டே விட்டுவிட்டுப் போவது அவர் ரத்தத்திலேயே கிடையாது. பல்லைக் கடித்துக்கொண்டு விட்டார். விட விட, விரல் தன்பாட்டுக்குச் சில நாள் வந்தது, சில நாள் பாதி வந்தது. வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார். "கிடாரை வித்துட்டீங்களா சார்?" என்று பல்செட்காரர் படியில் நிறுத்திக் கேட்டார். அந்தக் கேள்வியில் உள்குத்து எதையும் மீட்டர்காரர் தேடவில்லை.

ஒரு சாயங்காலம் மனைவி வேலையிலிருந்து வந்தாள், முகம் கழுவினாள், பிரம்பு நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவர் கிடாரை எடுத்து ஆரம்பித்தார். அவள் பாடினாள். முதல் சரணம் போனது. இரண்டாவதில் அந்த வரி வந்தது; விரல் சரியாகப் படுக்காமல் ஒரு கம்பி 'டொப்' என்றது. அவர் நிற்கவில்லை. அவளும் நிற்கவில்லை, வரியை முடித்துவிட்டு, தனக்கு வேண்டிய இடத்தில் நன்றாக இழுத்து மூச்சு வாங்கிக்கொண்டாள். அந்த மூச்சுச் சத்தம் அவருக்குக் கேட்டது. பாட்டை விட அதுதான் அவருக்கு இனித்தது.

பாட்டு முடிந்தது. பிறந்த குணம் எங்கே போகும்?

"ஒண்ணு கேக்கட்டுமா? அந்த இடத்துல எனக்காகக் கொஞ்சம் நின்னியா?"

அவள் அலமாரியைக் காட்டினாள். அணைக்க மறந்த டிக்டிக் அங்கே தன்பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது.

"மீட்டர் எப்பவும் சரியாத்தாங்க ஓடுது" என்றாள். "இன்னைக்கு வீடும் சரியா ஓடுச்சு. வேணும்னா செக் பண்ணிக்கோங்க."

அவர் எழுந்து போய்ப் பார்க்கவில்லை.