லெமுவேல் நிற்காத தெரு இல்லை

கான்சஸ் மாநிலத்தில் எங்கள் பிளம் கிரீக் ஊரில் குதிரைச் சேணம் தைப்பவன் லெமுவேல் ஸ்ப்ராக். கோர்டிலியா வைஸ் கேமராவோடு தெருவில் இறங்கினால் போதும், தைத்துக்கொண்டிருந்த வாரை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து படத்துக்குள் நின்றுவிடுவான். அவள் ஊர்க் காட்சிகளை எடுத்துத் தபால் அட்டையாக்கி என் மருந்துக் கடையில் விற்பனைக்கு வைப்பவள். ரயில் நிலைய அட்டையில் தூணோடு தூணாக லெமுவேல். பள்ளிக்கூட அட்டையில் வேலியோரம் லெமுவேல். வெள்ளம் வந்தபோது எடுத்ததில், முழங்கால் தண்ணீரில் தொப்பியைச் சரிசெய்துகொண்டு லெமுவேல்.

"யோவ், நான் ஊரை எடுக்கறேனா, உம்மை எடுக்கறேனா?"

"ஊரையே எடுங்கம்மா. நான் சும்மா ஓரமா நிக்கறேன்."

ஒருநாள் அவன் என் கடையில் அட்டை வாங்கும்போது கையும் களவுமாகப் பிடித்துக்கொண்டாள். "உம்ம மூஞ்சியை நீரே வாங்கறீரா? எதுக்கு?"

அவன் காது சிவந்துபோயிற்று. "கிழக்கே வெர்மாண்ட்ல இருக்கற எங்கண்ணனுக்கு. கான்சஸ்ல புல்லும் காத்தும்தான், மனுஷ வாடையே கிடையாதுன்னு கேலி பண்றான். நீங்களும் எல்லாரும் வயக்காட்டுல இருக்கறப்பதான் படம் எடுக்கறீங்க. தெரு வெறிச்சுன்னு கிடக்கு. ஒரு ஆளாவது இருக்கட்டுமேன்னுதான்..."

கோர்டிலியா அந்த அட்டைக்குக் காசு வேண்டாமென்றாள். எங்கள் ஊரில் அதுவே பெரிய செய்தி.

அடுத்த சனிக்கிழமை, குடியானவர்கள் சந்தைக்கு வந்த நேரத்தில், கடைத்தெருவையே கூட்டி நிறுத்தினாள். கொல்லன், பாதிரியார், கோவேறு கழுதைகள், நாய்கள்கூட உண்டு. "லெமுவேல், நடுவுல வாரும்!"

"நடுவுலயா? நானா?"

சட்டைக் கழுத்தில் மாட்டும் கஞ்சிபோட்ட காலர் ஒன்றை என்னிடம் இரவல் வாங்கி மாட்டிக்கொண்டு, விறைத்துப்போய் நின்றான். கோர்டிலியா கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்தாள்.

"மாப்பிள்ளை ரெடி. பொண்ணு எங்கப்பா?" என்றார் நாவிதர்.

"பொண்ணு கறுப்புத் துணிக்குள்ள ஒளிஞ்சிருக்கு!" என்றான் கொல்லன்.

"சிரிச்சது போதும், யாரும் அசையாதீங்க!" என்று துணிக்குள்ளிருந்து குரல் வந்தது. கழுதைகள்கூட அசையவில்லை. லெமுவேல் தும்மினான்.

அட்டையில் ஊரே தெளிவாக விழுந்திருந்தது, நடுவில் முகம் தெரியாமல் குனிந்திருந்த தொப்பி ஒன்றைத் தவிர. அதையே அண்ணனுக்கு அனுப்பினான். பதில் அட்டை வந்தது. தபாலும் என் கடையில்தான் என்பதால் முதலில் படித்தது நான்தான்: "அடேயப்பா, இத்தனை பேரா! தோத்துட்டேன். ஆமா, நீ எங்கடா?"

லெமுவேல் மறுபடி ஓர் அட்டை வாங்கினான். தொப்பியின்மேல் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டு, "இதுதான் நான்" என்று எழுதி, தபால்தலை ஒட்டினான். அன்று முழுக்க அவன் முகத்தில் அப்படி ஒரு பெருமை!