மாமாவுக்கு நண்டு ஆகாது

மூன்றாம் மாடி மருமகள் தன் மாமனாரைத் தொடவே மாட்டாளாம். சாயங்காலம் வேலையிலிருந்து வந்ததும் நேரே குளியலறைக்குள் புகுந்துகொள்வாளாம். தலை முழுகி, வேறு உடுப்பு மாற்றிக்கொண்ட பிறகுதான் பெரியவர் உட்கார்ந்திருக்கும் கூடத்தில் கால் வைப்பாளாம். பெரியவர் காலில் ஆறாத புண். அதைக் கண்டாலே அவளுக்கு அருவருப்பாம்.

இந்தச் செய்தியை வெளியிட்டவர் முதல் மாடி அக்கா. படிக்கட்டை ஒட்டிய ஜன்னல் அவருடையது என்பதால் கட்டடத்தின் தலைமை நிருபரும் அவரே. செய்தி மாடி ஏற ஏறக் கொஞ்சம் சதை போட்டது. இரண்டாம் மாடிக்கு வந்தபோது மருமகள் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தாள். துணி காயப்போடும் மொட்டைமாடியை எட்டியபோது பெரியவருக்குத் தனித் தட்டும் தனித் தம்ளரும் வந்துவிட்டிருந்தன.

சரி, மூன்றாம் மாடிக்கே ஏறிப் பார்த்துவிடுவது நல்லது. குளிப்பது உண்மை. தலை முழுகுவதும் உண்மை. அக்கா கவனிக்கத் தவறிய இன்னொன்றும் உண்டு: கழற்றிய உடுப்பைத் தனி வாளியில் போட்டு மூடியும் வைக்கிறாள். ஒரு வதந்தி இவ்வளவு தூரம் சரியாக இருப்பது அபூர்வம். காரணம் மட்டும்தான் தப்பு.

அவளுக்குப் பிழைப்பு நண்டு ஓட்டில். ஓட்டல்கள் கழித்துப்போடும் ஓடு மூட்டை மூட்டையாக அவள் வேலை செய்யும் ஆய்வுக்கூடத்துக்கு வரும். கழுவி, காயவைத்து, அரைத்து, அமிலத்தில் போட்டுச் சுண்ணாம்பைக் கழற்றி, காரத்தில் வேகவைத்துச் சதையின் மிச்சத்தைப் போக்கி, இன்னும் கடுங்காரத்தில் மறுபடி வேகவைத்தால் வெள்ளையாகக் கொஞ்சம் செதில் தங்கும். அதைக் காடி போன்ற ஒரு புளிப்பு நீரில் கரைத்து, தட்டில் ஊற்றி, உறையவைத்து, ஓர் இயந்திரத்துக்குள் வைத்து ஈரத்தை உறிஞ்சி எடுத்தால் ஊதினால் பறக்கிற மாதிரி ஒரு பஞ்சுத் தகடு கிடைக்கும். புண்ணின் மேல் வைத்தால் கசிவதையெல்லாம் குடித்துக்கொள்ளும். புண்ணைக் காய்ந்து இறுகவிடாது. முக்கியமாக, ஒட்டாது.

தட்டில் ஊற்றுவதுதான் அவள் வேலையின் உச்சம். ஒரு குமிழி சிக்கினாலும் தகட்டில் ஓட்டை விழும். ஊற்றும்போது அவளோடு யாரும் பேசக் கூடாது, பேசினாலும் பதில் வராது. அங்கே அவளுக்குப் பெயர் நண்டம்மா. அவள் ஊற்றிய தகட்டில் குமிழி கண்டுபிடிப்பவருக்கு விருந்து வைக்கிறேன் என்று பெரிய மேடமே சவால் விட்டிருக்கிறார். இதுவரை யாரும் சாப்பிடவில்லை.

ஆனால் மாமாவுக்கு நண்டு ஆகாது. அவள் கல்யாணமாகி வந்த புதிதில் தெரிந்துகொண்ட விஷயம் இது. அன்றிலிருந்து அந்த வீட்டுக்குள் நண்டு நுழைந்ததில்லை. தன் தலைமுடியில் ஒட்டிய ஓட்டுத் தூசி பட்டு அவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயத்தில்தான் மழையோ குளிரோ, வந்ததும் முழுக்கு. அருவருப்பு என்று முதல் மாடி பெயர் வைத்தது இதற்குத்தான்.

மாமா ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வராத வண்டியை, இதோ வந்துவிடும் என்று நம்பவைக்கும் குரல் அவருக்கு. புதுச் செருப்பு கட்டைவிரலுக்கு அடியில் கடித்தது. சர்க்கரை உடம்பில் அந்தக் கடி குடியேறிவிட்டது. ஒன்றுவிட்டு ஒரு நாள் மகன்தான் கட்டு மாற்றுவான். ஈரப்படுத்தித்தான் எடுப்பான்; இருந்தும் துணி புண்ணோடு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்று அடம்பிடிக்கும்.

"வலிச்சா சொல்லுங்கப்பா."

"வலி இன்னும் வந்து சேரல. நீ எடு" என்பார், நாற்காலியின் கையை நொறுங்கப் பிடித்தபடி.

அவள் கதவோரம் நின்று பார்ப்பாள். புண்ணின் விளிம்பில் புதிதாகப் படர்ந்த இளந்தோல் துணியோடு சேர்ந்து உரிந்து வரும். இரண்டு நாளில் ஆறியது ஒரே இழுப்பில் போய்விடும். ஊரார் காலுக்கெல்லாம் ஒட்டாத கட்டு ஊற்றுகிறவள், வீட்டில் இருக்கிற ஒரு காலுக்கு அதை வைக்க முடியவில்லையே என்று அடுப்படிக்குப் போய்ப் பாத்திரங்களோடு சண்டை போடுவாள்.

ஒரு நாள் ஆஸ்பத்திரியில் டாக்டர் புண்ணை அளந்து பார்த்துவிட்டு, "இந்த மாசத்துக்குள்ள மூட ஆரம்பிக்கலேன்னா, விரலை எடுக்கிறதைப் பத்திப் பேச வேண்டியிருக்கும்" என்றார். கட்டுப் போடும் அறைக்கு மாமாவைக் கைத்தாங்கலாக அழைத்துப் போனாள். அங்கிருந்த சிஸ்டர் பல்லாயிரம் புண்களையும் அவற்றுக்குச் சொந்தக்காரர்கள் சொல்லும் கதைகளையும் பார்த்தவர்.

"புதுசா ஒரு கட்டு வந்திருக்குங்க ஐயா. நண்டு ஓட்டுல செய்றது. எடுக்கும்போது பிய்க்காது. இன்னும் சோதனையிலதான் இருக்கு. சம்மதிச்சா உங்களையும் சேத்துக்கலாம்."

"தெரியும் சிஸ்டர், அதை ஊத்துறதே நான்தான்" என்றாள் மருமகள். "மாமாவுக்கு நண்டு ஆகாது."

"அப்ப கஷ்டம்தாம்மா. ஆகாதவங்களைச் சேக்கக் கூடாது."

மாமா தொண்டையைச் செருமினார். "வயசாக ஆக, ஆகாததெல்லாம் ஆகிடும்னு சொல்றாங்களே..."

"யாரு சொன்னாங்க?"

"ரேடியோவுல."

"ரேடியோவுக்குக் காலும் கிடையாது, புண்ணும் கிடையாது. கடைசியா நண்டு சாப்பிட்டப்ப என்ன பண்ணுச்சு?"

மாமா மின்விசிறியைப் பார்த்தார். மருமகள் முந்திக்கொண்டாள். "நான் சொல்றேன் சிஸ்டர், எனக்கு அப்படியே கண்ணுல நிக்குது. ஒரு வாய்தான் வெச்சாரு. முகம் செவந்துபோச்சு. கண்ணுலேருந்து தண்ணி. கூஜாவைத் தூக்கி ஒரே மூச்சுல குடிச்சு முடிச்சாரு. கொஞ்ச நேரம் பேச்சே வரல."

"தடிப்பு?"

"இல்ல."

"அரிப்பு, வீக்கம், மூச்சுத் திணறல்?"

"அதெல்லாம் இல்ல. தட்டை மட்டும் தள்ளி வெச்சுட்டாரு."

சிஸ்டரின் கத்தரிக்கோல் நின்றது. "வேற யாராவது சாப்பிட்டாங்களா?"

"எங்க வீட்டுக்காரரு சாப்பிட்டாரு. பாதியில ஆபீஸ்ல ஏதோ அவசரம்னு எழுந்து போயிட்டாரு. மாமாவைப் பாத்த பயத்துல மிச்சத்தை நான் கொட்டிட்டேன்."

"அன்னைக்கு என்ன கிழமை?"

"ஞாயித்துக்கிழமை."

"சமைச்சது யாரும்மா?"

"நான்தான்."

சிஸ்டர் சட்டென்று குனிந்து தட்டில் எதையோ தேடத் தொடங்கினார். தேட அங்கே ஒன்றும் இல்லை. தோள் மட்டும் குலுங்கியது. மருமகள் சிஸ்டரைப் பார்த்தாள், மாமாவைப் பார்த்தாள், பிறகு மெதுவாக ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"மாமா."

"ஏம்மா, நீ வந்து ரெண்டு வாரம்கூட ஆகல" என்றார் அவர். அறிவிப்புக் குரல் எங்கோ போய்விட்டிருந்தது. "காலையிலேருந்து நின்னு சமைச்சே. நல்லா இருக்கான்னு கேட்டுட்டு எதிர்லயே நின்னே. நான் என்னன்னு சொல்றது? நண்டு மேல பழியைப் போட்டேன். உன் புருஷனும் ஆமாம்னு ஒத்து ஊதிட்டான். அதுதான் செத்துப்போச்சே, எதிர்த்தா பேசப் போகுது?"

"அப்ப உங்களுக்கு நண்டு ஆகும்?"

"ஆகும்."

"அதுக்கப்புறம் சாப்பிட்டிருக்கீங்களா?"

"ஸ்டேஷன் பழைய ஆளுங்களைப் பாக்கப் போறேன் இல்ல, மாசா மாசம்..."

"மாசா மாசமா!" கட்டுப் போடும் அறைக்கு வெளியே வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "ஹீட்டர் கெட்டுப்போன மாசம் பூரா பச்சைத் தண்ணியில தலைக்கு ஊத்திக்கிட்டேன் மாமா. ஜுரத்தோட ஊத்திக்கிட்டேன்!"

"தெரியும். கூடத்துல உக்காந்து கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். ஒவ்வொரு சொம்புக்கும், இன்னைக்குச் சொல்லிடணும்னு நெனப்பேன். நீ ஈரத் தலையோட வந்து, காப்பி வேணுமா மாமான்னு கேப்பே. அவ்வளவுதான், சொல்ல வந்தது உள்ள போயிடும்."

அவளுக்குக் கோபப்படுவதா வெட்கப்படுவதா என்று பிடிபடவில்லை. இரண்டையும் ஒரே நேரத்தில் பட்டாள். அதற்கு நடுவில், மருந்து மேஜையில் நீட்டிக் கிடந்த அந்தக் கால் கண்ணில் பட்டது. விரல் ஐந்தும் இன்னும் அதில் இருந்தன.

"சேத்துக்கோங்க சிஸ்டர்" என்றாள்.

சிஸ்டர் லேசில் சேர்க்கவில்லை. நோயாளி வாய்ச்சொல்லை நம்பி இருபது வருஷம் ஏமாந்த குடும்பத்தை அப்போதுதான் பார்த்திருந்தார். முறைப்படி தோலில் சோதனை நடந்தது. காத்திருந்து பார்த்ததில் கொசு கடித்த அளவுக்குக்கூடத் தடிக்கவில்லை. ஆய்வுக்கூடத்தில் விஷயத்தைச் சொன்னபோது பெரிய மேடம் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: சொந்தக்காரர் என்பதால் புண்ணை அளப்பதும் எழுதுவதும் மற்றவர்கள் பொறுப்பு, நண்டம்மா அந்தப் பக்கமே வரக் கூடாது.

முதல் கட்டுப் போட்ட அன்று வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளை மாமா கதவு வழியாகக் கூப்பிட்டார். "ஏம்மா, இது நீ ஊத்தினதா?"

"யாரு ஊத்தினதுன்னு தெரியாது. பயப்படாதீங்க, காரம் போடல."

கட்டு மந்திரமெல்லாம் போடவில்லை. மாமா இனிப்பைக் குறைக்க வேண்டியிருந்தது, காலை ஊன்றாமல் கிடக்க வேண்டியிருந்தது, அதைப் பற்றி வாய் ஓயாமல் முனகவும் வேண்டியிருந்தது. ஆனால் கட்டு மாற்றும்போது நாற்காலியின் கையை யாரும் நொறுக்கவில்லை. இளந்தோல் வந்த இடத்தில் தங்கியது. விளிம்பு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நகர்ந்தது. மாதம் முடிந்து டாக்டர் பார்த்தபோது விரலைப் பற்றிய பேச்சை எடுக்கவில்லை.

அந்த முதல் கட்டுப் போட்டு வீடு திரும்பும் வண்டியில் அவள் கேட்டிருந்தாள்: "உண்மையைச் சொல்லுங்க, அன்னைக்கு என்னதான் தப்பாப் போச்சு? உப்பா, காரமா, வேகலையா?"

"புண்ணு ஆறட்டும்மா, சொல்றேன்" என்றிருந்தார் மாமா.

புண் ஆறிவிட்டது. போன வாரம் ஆஸ்பத்திரியில், இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மறுநாள் காலை, ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"இப்ப சொல்லுங்க."

"காப்பி?"

கொண்டுவந்தாள். கடைசிச் சொட்டு வரை குடித்தார். காலைத் தூக்கி மடியில் வைத்து, கட்டைவிரலுக்கு அடியில் பார்த்தார். "ஓரத்துல ஒரு பொட்டு இன்னும் செவப்பா இருக்கு பாரு."

அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தாள். ஒரு பொட்டும் இல்லை.

"பதில் பாக்கி இருக்கு மாமா."

"இருக்கட்டும்மா. நான் எங்க ஓடிடப் போறேன்?" என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, யார் கையையும் பிடிக்காமல், மாடிப்படியில் விறுவிறுவென்று இறங்கிப் போனார்.