வலது பக்க ஜன்னல்

எங்கள் தெருப் பெண்கள் சேர்ந்து வேன் பிடித்து வேளாங்கண்ணிக்கும் நாகூருக்கும் போனோம். பட்டாபிராமில் ஏறும்போதே அவரவர் துண்டு போட்டு சீட்டுப் பிடித்துவிட்டார்கள். ஒருமுறை போட்டால் ஊர் திரும்பும்வரை அந்த இடம் அவர்களுக்குத்தான். எனக்குக் கிடைத்தது வலது பக்க ஜன்னல். தெற்கே போகும்போது கடல் இடது பக்கம். மாறி உட்காரக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. திரும்பும்போது என் பக்கம் வருமே என்று இருந்துவிட்டேன்.

கடலூர், பரங்கிப்பேட்டை, தரங்கம்பாடி என்று ஊர்கள் போய்க்கொண்டே இருந்தன. என் பக்கம் வயலும் பெட்ரோல் பங்கும். இடது பக்கத்துக்காரிகள் வெயிலுக்குத் திரையை இழுத்துவிட்டுத் தூங்கினார்கள். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வேளாங்கண்ணியில் கால் நனைத்தேன்தான். ஆனால் எனக்கு வேண்டியது ஜன்னலோரம் கடல் கூடவே ஓடி வருவது. நாகூர் தர்காவில் நிற்கும்போதும் வேன் எப்போது திரும்பும் என்றே மனசு அடித்துக்கொண்டது.

கடைசி நாள் காலை புதுச்சேரியில் டிபன் ஆனதும் டிரைவர் கேட்டார். "திண்டிவனம் வழியா போயிடலாமா? சீக்கிரமா ஊடு போய் சேரலாம்."

"போ நைனா, போ" என்றார்கள் எல்லாரும்.

"கடலோரமாவே போலாமே" என்றேன்.

யார் பேசியது என்று மொத்த வேனும் திரும்பியது. "அட, அக்காவுக்கு வாய் கீதுடி!" என்றாள் பின்சீட்டுக்காரி. டிரைவர் சிரித்துக்கொண்டே கடற்கரைச் சாலையில் விட்டார்.

ஆனால் போகப் போகக் கடலைக் காணோம். சவுக்குத் தோப்பு, மரக்காணம் உப்பளம், மறுபடி சவுக்கு. வெயில் நேரே முகத்தில்.

"இன்னாக்கா, கடலை சுருட்டிகினு பூட்டாங்களா?" என்றாள் அவள். "இந்நேரம் திண்டிவனம் தாண்டிருப்போம்."

முந்தானையை முறுக்குவதும் பிரிப்பதுமாக இருந்தேன். மகாபலிபுரமும் போய்விட்டது.

முட்டுக்காட்டுப் பாலத்தில் ஏறியதும் மரமெல்லாம் விலகி, மணல் திட்டு, அதற்கப்பால் கடல், பளபளவென்று. "தோ பாரு! தோ பாரு!" என்று இடது பக்கம் முழுவதும் எழுந்து என் மேல் சாய்ந்தது. எழுந்து வந்த பின்சீட்டுக்காரியின் வயிறு என் மூக்குக்கு நேரே. பாலமோ சின்னது.

"நவுருடி! எனக்கு மறைக்குது!" என்று கத்தினேன்.

நகர்ந்தாள். பாதிப் பாலம் ஓடிப்போயிருந்தது. மீதியைப் பார்த்தேன்.