கொழும்பு ஒளிபரப்பு

செய்திச் சேனலில் எரியும் தெருவைக் காட்டிவிட்டு உடனே ஒரு பாட்டைப் போட்டார்கள். அப்பாவின் அக்கா செசிலி அத்தையின் ஞாபகம் வந்தது.

எண்பதுகளில் காரைக்காலில் எங்கள் ஏரியலுக்குக் கொழும்பு ஒளிபரப்புதான் தெளிவாகக் கிடைக்கும். அங்கே கலவரம் என்று தெரிந்ததும் அத்தை தினமும் எங்கள் வீட்டுக்கு வந்து உட்காருவாள். அவள் மகன் அந்தோணி கொழும்பில் ஒரு கடையில் வேலை பார்த்தான். டிவியில் பாட்டும் நடனமுமாகவே ஓடும். புரியாத மொழியில் செய்தி வந்தால், திரையருகே நகர்ந்து அவன் முகத்தைத் தேடுவாள்.

"நிறுத்திடட்டுமாக்கா?" என்பார் அப்பா.

"இருக்கட்டும் தம்பி. அடுத்ததுல காட்டுவாங்க."

சில வாரங்கள் கழித்து அந்தோணி வெறுங்கையோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றான். அத்தை அவன் தலையைத் தடவினாள்.

"ஒண்ணுமே காட்டலடா. பாட்டாத்தான் போட்டாங்க."

"நாங்க பின்வாசல் வழியா ஓடுறப்ப, கடை டிவியிலயும் பாட்டுதாம்மா ஓடிச்சு."

அத்தை உள்ளே போய் டிவியை நிறுத்தினாள்.